மலைச் சித்திரமும் மனச்சாட்சியும்

தைல வர்ணத்தில் சித்திரம் எழுதப் பழக விரும்புகிறவனுக்கு ஆசிரியர் முதலில் கொடுக்கும் வேலை யாது? பல வேளைகளில், கைதேர்ந்த ஒருவர் எழுதிய படத்தை அவன் எதிரே நிறுத்தி, அதைப் பார்த்து அவ்வாறே எழுதச் சொல்லுவதுதான். அதற்கு மலைக் காட்சி மிகவும் ஏற்றது. மனித முகத்தை எழுதும்போது மூக்கு ஒரு நூல் விலகினாலும் ஆள் மாறிப்போவான். மலையோ, பழகுகிறவனுடைய கைப்பிசகைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். அதோடு வானம், தூரத்துச் சிகரம், நடுவே நீர்நிலை, அருகே மரம், பாறை, புல் என்று சித்திரக்காரன் கற்கவேண்டிய பாடங்களில் பல ஒரே படத்தில் அடங்கியிருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் அது குற்றம், வாத்தியார் தண்டிக்கிறார். ஆனால் சித்திரம் பழகும் இடத்தில் பிறருடைய படத்தைப் பார்த்து எழுதினால் ஆசிரியர் மெச்சிக்கொள்ளுகிறார். இரண்டும் பார்த்து எழுதுவதுதானே? ஒன்று பாவமாகவும் மற்றொன்று பயிற்சியாகவும் இருப்பது எப்படி? இன்னும் சிலர் வேறு விதமாக ஆட்சேபிப்பார்கள். சர்வேசுரன் ஒவ்வொருவனுக்கும் தனித்தனித் தாலந்தைக் கொடுத்திருக்கிறாரே. பிறனுடைய வேலையை நகல் எடுத்துக்கொண்டிருப்பவன் தன் தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனுக்கு ஒப்பாக மாட்டானா என்பார்கள்.

இது சித்திரக்காரருக்கு மாத்திரம் உரிய கேள்வி என்று தள்ளிவிடக்கூடாது. அர்ச்சியசிஷ்டவர்களுடைய புண்ணியங்களைக் கண்டுபாவிக்க வேண்டுமென்று நாம் சிறு பிராயமுதல் போதிக்கப்பட்டு வருகிறோம். தாய் தகப்பன் நடந்து காட்டுவதைப் பார்த்துத்தான் பிள்ளை சிலுவை அடையாளம் போடக் கற்கிறது. கண்டுபாவித்தல் வெறும் வேஷம் என்றால் நம் பக்தியில் பெரும்பகுதி வேஷமாகிவிடும். அது நேர்மையான காரியம் என்றாலோ, எதுவரையில் நேர்மை, எங்கே அது பொய்யாக மாறுகிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். ஆகையால் ஒரு மலைச் சித்திரத்தின் முன் சற்று உட்கார்ந்து யோசிப்போம்.

ஆல்பர்ட் பியர்ஸ்டாட் என்னும் சித்திரக்காரர் 1830-ல் ஜெர்மனி தேசத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். 1859-ல் பிரெடரிக் லாண்டர் என்னும் அதிகாரி மேற்குத் திசைக்குப் பாதை வேலைக்காகப் புறப்பட்டபோது, அந்தக் கூட்டத்தோடு இவரும் ராக்கி மலைகளுக்குப் போனார். போன இடத்தில் கண்டவற்றைச் சிறுசிறு படங்களாக எழுதிக்கொண்டு வந்தார். பிறகு நியூயார்க் பட்டணத்தில் உட்கார்ந்து, ஏறக்குறைய ஆறு அடி உயரமும் பத்து அடி அகலமுமான கித்தானில் 1863-ல் ஒரு பெரிய படத்தை எழுதி முடித்தார். முன்புறத்தில் அந்நாட்டுப் பூர்வீகக் குடிகளின் கூடாரங்கள், நடுவே சூரிய ஒளிபட்ட நீர்வீழ்ச்சியும் ஏரியும், பின்னால் பனி மூடிய சிகரம். 1862-ல் இறந்துபோன லாண்டரின் பெயரையே அந்தச் சிகரத்துக்கு இட்டார். அந்தப் படம் நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிடன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

இந்தப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு ஒருவன் பழக உட்காருகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மூலப் படத்தின் மேலும் தன் கித்தானின் மேலும் ஒரே கணக்கில் கட்டம் போடுகிறான். எந்தக் கட்டத்தில் சிகரத்தின் முனை இருக்கிறதோ, அந்தக் கட்டத்திலேயே தன்னுடையதையும் வைக்கவேண்டும். இங்கேயே அவனுடைய முதல் தபசு ஆரம்பமாகிவிடுகிறது. ஏனெனில், மலை என்றால் கூர்மையாக, நடுவிலே, இருபுறமும் ஒத்தாற்போல் நிற்கும் என்று அவன் மனம் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. கட்டமோ, இல்லை, இந்தச் சரிவு நீ நினைத்ததைவிடச் சாய்ந்திருக்கிறது என்கிறது. கை மனத்தின் சொல்லைக் கேட்பதா, கண்ணின் சாட்சியைக் கேட்பதா என்ற வழக்கு அங்கே நடக்கிறது.

அடுத்தபடி பனிக்கு வருகிறான். பனி வெள்ளை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகையால் வெள்ளை வர்ணத்தை எடுத்து அப்படியே பூசிவிடுகிறான். மலை சுண்ணாம்பு அடித்த சுவர்போல் நிற்கிறது. அப்பொழுது ஆசிரியர் ஓர் எளிய உபாயம் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு வெள்ளைக் காகிதத்தில் பட்டாணி அளவு துவாரம் இட்டு, அந்தத் துவாரத்தின் வழியாக மூலப் படத்திலுள்ள பனியைப் பார்க்கச் சொல்லுகிறார். பையன் திடுக்கிடுகிறான். காகிதத்தின் வெண்மையோடு ஒத்துப் பார்க்கும்போது, நிழலில் கிடக்கும் பனி வெள்ளையே அல்ல; நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம்! அல்ட்ரமரின் நீலத்தில் சியன்னா என்னும் மண் நிறத்தைச் சிறிது சேர்த்து, அதன்மேல் வெள்ளை கலந்தால்தான் அந்த நிறத்துக்குக் கிட்டவாவது போகமுடியும். கண்ணெதிரே இருந்ததை அவன் இத்தனை நேரம் பார்க்கவேயில்லை. தனக்குத் தெரிந்ததை எழுதினானே தவிர, அங்கே இருந்ததை எழுதவில்லை.

தூரத்து மலைகளும் அவ்வாறே. மலை கருமையானது என்று நினைத்துக் கருப்பை எடுப்பான். ஆனால் நமக்கும் தூரத்துப் பொருளுக்கும் இடையே உள்ள காற்றில் ஒளி சிதறுவதால், தூரம் போகப் போக மலை வெளுத்து நீலமாகத் தோன்றும். அதன் இருளும் குறைந்துகொண்டே போகும். படத்திலுள்ள மிகக் கடுமையான இருள் முன்புறத்துப் பாறையிலும் மரத்திலுமே இருக்கிறது. தூரத்து மலையைக் கறுப்பாக்கினால் அது பல மைல் கடந்து வந்து மூக்கின் எதிரே நின்றுவிடும்.

பார்த்து எழுதுவதின் முதல் நன்மை இதுதான்: அது நம் கண்ணிலுள்ள அகங்காரத்தை உடைக்கிறது. தாழ்ச்சியையும் உண்மையையும் அவிலா பட்டணத்து அர்ச். தெரேசம்மாள் பிரித்துப் பார்க்கவில்லை. தாழ்ச்சி என்றால் தன்னை இழிவாகப் பேசிக்கொள்வது அல்ல. உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வது. அயலானைப் பற்றி ஒருமுறை கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு, இவன் இப்படிப்பட்டவன் என்று மனத்தில் ஒரு வர்ணத்தைப் பூசிவைக்கிறோம். அதன்பின் அவனைப் பார்ப்பதேயில்லை. நம்முடைய பூச்சைத்தான் பார்க்கிறோம். நம்மைக் குறித்தும் அப்படியே. நம் நடத்தை வெள்ளை என்று நினைத்திருக்கிறோம். ஆத்தும சோதனையின் போது மெய்யான வெண்மையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலல்லவா அதன் சாம்பல் நிறம் தெரியும்?

இரண்டாவது நன்மை பொறுமை. தைல வர்ணம் தண்ணீர் வர்ணம்போல் காய்வதில்லை. அதில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாய்ப் போகாது. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, மெதுவாக இறுகும். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாட்கள் செல்லும். உள்ளும் புறமும் இறுக மாதங்களும் வருஷங்களும் ஆகும். ஆகையால் இந்தக் கலையில் ஒரு பழைய சட்டம் உண்டு: அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், அதற்கு மேல்பூச்சுக்களில் படிப்படியாக எண்ணெய் அதிகமாகவும் இருக்கவேண்டும். முறை மாறினால் என்ன ஆகும்? மேல்பூச்சு சீக்கிரத்தில் விறைத்துப்போகும், அடியிலுள்ளது இன்னும் அசைந்துகொண்டிருக்கும், படம் வெடித்துவிடும். எழுதிய அன்று அது அழகாகத்தான் இருந்திருக்கும். வெடிப்பு பிறகுதான் வெளிப்படும்.

மூலப் படத்தில் பளிச்சென்று தெரிவது நீர்வீழ்ச்சியின் மேல் விழுந்த ஒளி. பழகுகிறவனுடைய ஆசை அதன்மேல்தான் பாயும். முதல் நாளே அதை எழுதிவிடத் துடிப்பான். ஆனால் ஒளி கடைசியில் வருவது. கீழே மங்கலான நிறத்தில் பெரிய பெரிய பாகங்களை அமைத்து, அவை காய்ந்த பின்பே அது தகும். புண்ணிய வழியும் அத்தகையது. அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தில் நம்மைக் கவருவது அவர்களுடைய பரவச ஜெபமும் அற்புதங்களும் கடுந்தபசுமே. அவற்றுக்கு அடியில் எத்தனை வருஷத்துக் கீழ்ப்படிதலும், சொந்த வேலையில் கவனமும், கோபத்தை அடக்கின நாட்களும் பூச்சின்மேல் பூச்சாக இருக்கின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை.

இவ்வளவு நன்மை இருந்தாலும், பார்த்து எழுதுவதில் மூன்று அபாயங்களும் உண்டு.

முதலாவது, அறிவில்லாத நகல். இதை நம்மவர் "ஈயடிச்சான் காப்பி" என்று பரிகசிப்பார்கள். கணக்கைப் பிரதியெடுக்கும் குமாஸ்தா ஒருவன், மூலப் புத்தகத்தில் ஓர் ஈ நசுங்கி ஒட்டியிருப்பதைக் கண்டு, தானும் ஓர் ஈயைத் தேடிப் பிடித்து அடித்து அதே இடத்தில் ஒட்டினானாம். சித்திரத்திலும் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தூரிகைக் கோட்டையும் எண்ணி எழுதுவார்கள். அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். கேட்டிருந்தால், முன்புறம் இருண்டிருப்பது நடுவிலுள்ள ஒளியை எடுத்துக் காட்டுவதற்காக என்று தெரிந்திருக்கும். அந்தக் காரணத்தை அறிந்தவன் நாளைக்கு வேறொரு மலையையும் எழுதுவான். அறியாதவனுக்கு இந்த ஒரு படம்தான்; அதுவும் உயிரில்லாதது.

ஞான வாழ்க்கையில் இது எவ்வளவு தீங்கு! ஆர்ஸ் கிராமத்துப் பங்குக் குருவாகிய அர்ச். வியான்னி, வேகவைத்த சில உருளைக்கிழங்குகளைக் கொண்டு நாளைக் கழித்தார் என்று வாசிக்கிற ஒரு குடும்பத் தாய், தானும் உடனே அப்படிச் செய்யத் தொடங்கி, சோர்ந்து விழுந்து, பிள்ளைகளைப் பட்டினி போட்டு, புருஷன்மேல் எரிந்து விழுந்தால், அவள் கண்டுபாவித்தது அந்தக் குருவையா, உருளைக்கிழங்கையா? ஆத்துமங்கள்மேல் அவர் கொண்டிருந்த சிநேகமல்லவோ அவருடைய தபசுக்குக் காரணம்! புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இதுவே. அர்ச். பிராஞ்சீஸ்கு சலேசியார் 1609-ல் பிரசுரித்த பக்தி நூலில், மேற்றிராணியார் வனவாசியைப்போலவும், குடும்பஸ்தன் துறவியைப்போலவும் நடக்க முயலுவது ஒழுங்கீனம் என்றும், பக்தியானது அவரவர் அந்தஸ்துக்கும் கடமைக்கும் ஏற்ப இருக்கவேண்டுமென்றும் விளக்குகிறார்.

இரண்டாவது அபாயம் பொய். பாரீஸ் பட்டணத்தில் 1793-ல் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்ட லூவ்ர் சித்திரசாலையில், அனுமதி பெற்றவர்கள் மூலப் படங்களின் முன்னே உட்கார்ந்து பிரதி எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன. பிரதி மூலப் படத்தின் அளவாகவே இருக்கக்கூடாது; ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாகவோ பெரிதாகவோ இருக்கவேண்டும். மூலச் சித்திரக்காரரின் கையெழுத்தைப் பிரதியில் போடக்கூடாது. இந்த நிபந்தனைகளிலே நம் கேள்விக்குரிய பதில் பாதி அடங்கியிருக்கிறது. மலையைப் பார்த்து எழுதலாம், மரத்தையும் எழுதலாம். கையெழுத்தை மாத்திரம் எழுதலாகாது. பரீட்சையில் பார்த்து எழுதுகிற பையனுடைய குற்றமும் எழுத்தில் இல்லை; பிறனுடைய விடையின் தலைப்பில் தன் பெயரை எழுதி, இது என் அறிவு என்று வாத்தியாரை நம்பச் செய்வதில்தான் இருக்கிறது. சித்திரம் பழகுகிறவன் யாரையும் ஏமாற்றவில்லை. இது இன்னாரைப் பார்த்து எழுதியது என்று அவனே சொல்லிவிடுகிறான்.

இதற்கு மாறாக நடந்தவர் ஹாலந்து தேசத்தைச் சேர்ந்த ஹான் வான் மேகரன். அவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வெர்மீர் என்னும் மகா சித்திரக்காரருடைய பாணியில் படங்கள் எழுதி, அவை வெர்மீரே எழுதியவை என்று விற்றார். அவற்றுள் பெயர்போனது, உயிர்த்த சேசுநாதர் சுவாமி எம்மாவுஸ் ஊரில் சீடர்களோடு பந்தியமர்ந்த காட்சி. 1937-ல் வெளிப்பட்ட அந்தப் படத்தை நிபுணர்கள் வெர்மீருடையது என்றே நம்பினார்கள். ராட்டர்டாம் நகரப் பொருட்காட்சிசாலைக்காக அது வாங்கப்பட்டது. பழைய தைல வர்ணம் கல்லாக இறுகியிருக்கும் என்று மேகரனுக்குத் தெரியும். காலத்துக்குக் காத்திருக்க முடியாதபடியால், பேக்லைட் செய்ய உதவும் ரசாயனத்தை வர்ணத்தில் கலந்து, படத்தை அடுப்பிலிட்டுச் சுட்டு இறுக வைத்தார்! யுத்த காலத்தில் ஒரு பொய் வெர்மீர் ஜெர்மானியத் தலைவர் கோரிங்கின் கைக்குப் போயிற்று. 1945-ல், நாட்டின் செல்வத்தை எதிரிக்கு விற்றவர் என்று மேகரன் கைதானார். அப்பொழுதுதான் அது தம்முடைய கைவேலை என்று ஒப்புக்கொண்டு, சாட்சிகளின் முன் மற்றொரு படம் எழுதிக் காட்டினார். 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதை அநுபவிக்கும் முன்பே டிசம்பரில் இறந்துபோனார். அப்பம் பிட்ட கையைக் கண்டு சீடர்கள் ஆண்டவரை அறிந்துகொண்ட காட்சியை, யாரும் எழுதியவனை அறிந்துகொள்ளாதபடி எழுதிய அந்த மனிதருடைய திறமையை என்னவென்று சொல்லுவது!

மூன்றாவது அபாயம் சோம்பல். பார்த்து எழுதியே பழகியவன், அதிலேயே சுகங்கண்டு நின்றுவிடலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில், இத்தாலியா தேசத்துச் சென்னினோ சென்னினி என்னும் சித்திரக்காரர் தம் தொழிலைப் பற்றி ஒரு கைநூல் எழுதிவைத்தார். சர்வேசுரனையும் தேவமாதாவையும், சித்திரக்காரருக்குப் பாதுகாவலரான அர்ச். லூக்காஸையும் வணங்கித் தொடங்கும் நூல் அது. இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று தாவாமல், சிறந்த ஆசிரியர் ஒருவரைத் தெரிந்துகொண்டு அவர் வேலையையே நாள்தோறும் பார்த்து எழுதும்படி அவர் புத்தி சொல்லுகிறார். அப்படிச் செய்தால் தனக்கென்று ஒரு பாணி வராமல் போகுமோ என்று அவர் அஞ்சவில்லை. சுபாவத்திலே திறமை உள்ளவனுக்கு அது தானே வந்து சேரும் என்கிறார். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. எல்லா வழிகாட்டிகளிலும் மேலான வழிகாட்டி இயற்கையே என்கிறார். மலையை எழுத வேண்டுமானால், கரடுமுரடான பெரிய கற்களைக் கொண்டுவந்து வைத்து, அவற்றின் ஒளியையும் நிழலையும் பார்த்து எழுதச் சொல்லுகிறார். ஆசிரியர் படம் வழி, மலையே முடிவு.

பியர்ஸ்டாட் எழுதிய படமும் மலையின் ஈயடிச்சான் காப்பி அல்ல. ஓரிடத்தில் நின்று ஒரே பார்வையில் கண்டதை அல்ல, பல இடங்களில் எழுதிக் கொண்டுவந்தவற்றை வீட்டில் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, மேன்மை தோன்ற அமைத்ததே அது. ஆகையால் அதைப் பார்த்து எழுதுகிறவன் மலையை அறிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. மலையை ஒரு நல்ல கண் எப்படிப் பார்த்தது என்பதையே அவன் அறிந்திருக்கிறான். அது பெரிய லாபந்தான். ஆனால் அந்தக் கண்ணைக் கடன் வாங்கியது தன் கண் திறக்கவேண்டும் என்பதற்காகவே.

தாலந்து புதைந்துபோகும் என்று அஞ்சுகிறவர்களுக்கும் இதுவே பதில். பீட்டர் பால் ரூபன்ஸ் 1577-ல் பிறந்த கத்தோலிக்க சித்திரக்காரர். ஐரோப்பிய அரசர்கள் மதித்த மேதை. அவர் 1628-ல் மாட்ரிட் நகரத்துக்குப் போனபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கற்கவேண்டியது இனி ஒன்றுமில்லை என்று இருக்கலாமே! அவரோ, அரண்மனையில் இருந்த தித்தியன் என்னும் பழைய ஆசிரியருடைய ஆதாம் ஏவாள் படத்தின் முன்னே மாணவனைப்போல் நின்று பிரதி எழுதினார். ஆனாலும் ஆதாமின் உடல் நிலையைச் சற்று மாற்றினார். மூலத்தில் இல்லாத ஒரு கிளியையும் சேர்த்தார். இரண்டு படங்களும் மாட்ரிட் நகரத்துப் பிராடோ சித்திரசாலையில் உள்ளன. கீழ்ப்படிந்து எழுதியதால் ரூபன்ஸ் சிறுத்துப்போகவில்லை. கீழ்ப்படிதலின் வழியாகவே அவருடைய சுயாதீனம் வெளிவந்தது.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தம்மைக் கண்டுபாவிக்கும்படி விசுவாசிகளுக்குச் சொல்லுகிறார். தனியாகப் பார்த்தால் அது பெருமைச் சொல்லாகத் தோன்றும். ஆனால் தாம் கிறிஸ்துநாதரைக் கண்டுபாவிப்பதுபோல என்றும் கூடவே சேர்த்திருக்கிறார். அதாவது, நான் பிரதி, மூலம் அவர், என்னைப் பார்த்து அவரிடம் போங்கள் என்பது அதன் கருத்து. எந்த அர்ச்சியசிஷ்டவரும் தம்மோடு நம்மை நிறுத்திக்கொள்ளுவதில்லை.

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் மலைப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு எழுதப் பழகினால், "சொந்தமாக எழுதத் தெரியாதா?" என்று அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்த நிழல் ஏன் இங்கே விழுகிறது என்று கேளுங்கள். அது அவன் அறிவை எழுப்பும். இது யாரைப் பார்த்து எழுதியது என்று கேளுங்கள். அது அவன் நேர்மையைக் காக்கும். வெளியே போய் மெய்யான பாறையை எப்பொழுது எழுதப்போகிறாய் என்று கேளுங்கள். அது அவன் சோம்பலை விரட்டும். அதே மூன்று கேள்விகளையும் நம் பக்தி முயற்சிகளைக் குறித்து நாமே கேட்டுக்கொண்டால் நமக்கும் பிரயோசனமுண்டு. இந்த ஜெபத்தை, இந்த ஒருசந்தியை ஏன் அனுசரிக்கிறேன்? பிறருடைய புண்ணியத்தின் கீழ் என் பெயரை எழுதிக்கொள்ளுகிறேனா? அர்ச்சியசிஷ்டவர்களைப் பற்றி வாசிப்பதோடு நின்றுவிடாமல், அவர்கள் தேடிப்போன ஆண்டவரிடத்துக்கு நானும் போகிறேனா?

பிரதி எழுதுகிறவன் ஆசிரியருடைய கையெழுத்தைப் போடலாகாது என்பது சித்திரசாலையின் சட்டம். நம்மைக் குறித்தோ காரியம் வேறு. தமது சாயலாக நம்மை உண்டாக்கின சர்வேசுரன், ஞானஸ்நானத்தில் தாமே நம் ஆத்துமத்தில் அழியாத முத்திரையைப் பதித்திருக்கிறார். நாம் கேட்டுத் திருடின கையெழுத்தல்ல, அவரே இட்டது. முத்திரை முதலில் விழுந்துவிட்டது. படம் இன்னும் முடியவில்லை. அந்தக் கையெழுத்துக்கு வெட்கம் வராதபடி, நாளுக்கு ஒரு பூச்சாக, உண்மையாயும் பொறுமையாயும் எழுதிக்கொண்டு போவோமாக.